மாட் செய்த பெடலுக்குக் காசு கொடுக்கலாமா? கேள்வி பதில்

கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் நின்று ஒலியை மாற்றுகிற பெட்டிதான் பெடல். பதினைந்து வருடமாக அவற்றைத் திறந்து பார்ப்பதுதான் என் வேலை. பாதி நேரம் பழுது பார்ப்பேன், மீதி நேரம் மாட் செய்வேன், அதாவது உள்ளே சில பாகங்களை மாற்றி ஒலியைத் திருத்துவேன். மாட் செய்த பெடலை வாங்கலாமா, கையில் இருப்பதை மாட் செய்யக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்காக இன்று மாலை ஒதுக்கியிருக்கிறேன். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ், வா போன்ற அனலாக் பெடல்கள் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஆறு கம்பி: அண்ணா, பாஸ் டிஎஸ்-1 வாங்கலாம்னு இருக்கேன். மாட் செஞ்ச அதே பெடல், புதுசோட விலையைப் போல ரெண்டரை மடங்குக்குக் கிடைக்குது. கொடுக்கலாமா?

பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 1978 முதல் வந்துகொண்டிருக்கிற டிஸ்டார்ஷன் பெடல். உலகத்தில் அதிகம் மாட் செய்யப்பட்ட பெடல்களில் ஒன்று. அதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இரண்டு சிலிக்கான் டயோடுகள் சிக்னலைத் தரைக்கு இழுக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் திறந்துகொள்ளும். அந்த அளவைத் தாண்டிய அலை அங்கேயே வெட்டுப்படுகிறது. பிறகு டோன் சர்க்யூட் மிட்டில், அதாவது நடு ஒலியில், ஒரு பள்ளம் தோண்டுகிறது. தனியாக வாசிக்கும்போது கூர்மையாகக் கேட்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும்.

பிரபலமான மாட்கள் இந்த இடங்களில்தான் கை வைக்கின்றன. ஒரு டயோடை எடுத்துவிட்டு சிவப்பு எல்இடி போடுவார்கள். அது 1.7 வோல்ட் அருகில்தான் திறக்கும். அதனால் அலை குறைவாக வெட்டுப்படும், விரலின் அழுத்தத்துக்குப் பெடல் பதில் சொல்லத் தொடங்கும். ஒன்றிரண்டு கெப்பாசிட்டர்களின் மதிப்பை மாற்றி அடி ஒலியைக் கூட்டுவார்கள், உச்சியில் இருக்கும் சீறலைக் குறைப்பார்கள். இவை எல்லாம் காதுக்குத் தெரிகிற மாற்றங்கள்.

ஆனால் இந்தப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு செட் கிட்டார் கம்பியின் விலைகூட வராது. நீங்கள் கொடுக்கிற காசு, எந்த இடத்தில் எதை மாற்றுவது என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்த காதுக்கும், சுத்தமான சால்டரிங்குக்கும். அந்த இரண்டும் இருந்தால் காசு தகும். இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: "எந்தப் பாகத்தை, எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு மாற்றினீர்கள்?" இதற்குப் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். "பிரீமியம் பாகங்கள் போட்டிருக்கிறோம்" என்பது பதில் இல்லை.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்வேன். எல்இடி போட்ட பெடல் பழையதைவிட சத்தமாக இருக்கும். சத்தமானது எதுவும் காதுக்கு நல்லதாகவே படும். இரண்டையும் வால்யூம் சமன் செய்யாமல் ஒப்பிடாதீர்கள்.

மரப்பெட்டி: டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 வைத்திருக்கிறேன். 808 ஆக மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா சார்?

808 என்பது டியூப் ஸ்க்ரீமரின் பழைய மாடல். இரண்டும் ஏறத்தாழ ஒரே சர்க்யூட். முக்கிய வேறுபாடு வெளியே போகும் இடத்தில் இருக்கிற இரண்டு ரெசிஸ்டர்கள். டிஎஸ்9-இல் 470 ஓம், 100 கிலோ ஓம். 808-இல் 100 ஓம், 10 கிலோ ஓம். நேராக ஆம்புக்குள் போகிறவருக்கு இந்த மாற்றம் மிகச் சிறியது. பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் வித்தியாசம் வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் சேர்ந்து நிற்கிறது. 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைப்பது இந்த ஜோடிதான். 0.047-ஐ 0.1 ஆக்கினால் அந்த எல்லை 340 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். உடனே கேட்கும், ஒலிக்கு உடம்பு வரும். ஆனால் ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கும் ட்யூப் ஆம்பை முன்னிருந்து தள்ளுவதற்கு இந்தப் பெடலை வைத்திருந்தால் தொடாதீர்கள். அடி ஒலி மெலிந்திருப்பதால்தான் கீழ்க்கம்பிகள் குழம்பாமல் இறுக்கமாக வருகின்றன. குறை என்று நினைத்து அதைத் திருத்திவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திருப்பிப் போடச் சொல்லி வந்தவர்கள் பலர்.

நள்ளிரவு ரிஃப்: 808 மாட்டில் முக்கியமானதே ஜேஆர்சி 4558 ஐசி. அந்தப் பழைய ஐசியைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் சொல்லவில்லையே?

வேண்டுமென்றேதான் விட்டேன். பெடலுக்குள் சிக்னலைப் பெருக்குகிற சில்லுதான் அந்த ஐசி. டியூப் ஸ்க்ரீமரில் அந்த ஐசியை மாற்றுவதற்குக் காசு கொடுப்பது வீண். என் பெடலில் ஐசிக்கு சாக்கெட் போட்டு பழைய 4558, புதிய 4558, டிஎல்072 மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தேன். நன்றாக வாசிக்கிற மூன்று நண்பர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புது விரல்: டிஎஸ்-1 மாட் வெர்ஷன் வாங்கலாமா? எல்லோரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க.

மேலே 'ஆறு கம்பி'க்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சங்கிலி: என் பெடல்கள் எல்லாவற்றையும் ட்ரூ பைபாஸ் ஆக்கிவிடலாமா? ஆறு பெடல் இருக்கிறது.

வேண்டாம். ட்ரூ பைபாஸ் என்றால், பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் அதன் சர்க்யூட்டைத் தொடாமல் நேராக வெளியே போவது. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. ஆறு பெடலும் ட்ரூ பைபாஸ் என்றால், எல்லாம் அணைந்திருக்கும்போது உங்கள் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) அத்தனை கேபிளையும் தனியாளாகத் தள்ள வேண்டும். 10 மீட்டருக்கு 1000 பிக்கோ ஃபாரட். உச்சியில் இருக்கும் பளபளப்பு அங்கேயே போய்விடும். பாஸ் பெடல்களில் இருக்கிற பஃபர் என்ற சிறு சர்க்யூட் அந்தச் சுமையைத் தூக்கத்தான் வைக்கப்பட்டது. அதை எடுத்துப் போட காசும் கொடுத்துவிட்டு, பிறகு தனியாக ஒரு பஃபர் வாங்குகிறார்கள். பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

இரண்டு விதிவிலக்குகள். பழைய மாதிரி வா பெடல்களில் சில, அணைத்த பிறகும் பிக்கப்பின் மேல் ஏறி உட்கார்ந்து ட்ரெபிளை உறிஞ்சும். அதற்கு ட்ரூ பைபாஸ் மாட் கொடுத்த காசுக்கு மேலேயே தகும். இரண்டாவது, ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல். அது பிக்கப்போடு நேராகப் பேச வேண்டும். முன்னால் பஃபர் வந்தால், கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கும் அந்த அழகு போய்விடும். அதை வரிசையில் முதலில் வையுங்கள்.

நள்ளிரவு ரிஃப்: திரும்பி உட்கார்ந்து கேட்டால் தெரியாது, வாசிக்கிறவன் விரலுக்குத்தான் தெரியும். ஐசி ஒன்றுமில்லை என்றால் ராட் டிஸ்டார்ஷன் பெடலில் இருக்கும் எல்எம்308 ஐசிக்கு ஏன் இத்தனை மதிப்பு? நீங்களே ராட் பழுது பார்க்கிறவர்தானே?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஐசி எந்தப் பெடலிலும் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. டியூப் ஸ்க்ரீமரில் என்றுதான் சொன்னேன். அங்கே டயோடுகள் ஐசியைச் சுற்றியே வளைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ஐசி வெளியே விடும் அலை ஏறக்குறைய ஒரு வோல்ட் உயரத்திலேயே அடங்கிவிடும். ஒரு வோல்ட் உயரத்தில் 5000 ஹெர்ட்ஸ் அலை போக, ஐசியின் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு 0.03 வோல்ட் மாறும் வேகம் போதும். 4558-இன் வேகம் மைக்ரோ விநாடிக்கு ஏறக்குறைய 1 வோல்ட். தேவையைப்போல் முப்பது மடங்கு. அதற்குப் பிறகும் ஒரு ஃபில்டர் ட்ரெபிளை வழித்து எடுக்கிறது. ஐசி தன் குணத்தைக் காட்ட அங்கே இடமே இல்லை.

ராட் அப்படியில்லை. அங்கே டயோடுகள் ஐசிக்குப் பிறகு வருகின்றன. ஐசி 9 வோல்ட் சப்ளையின் இரண்டு ஓரங்களையும் தொடும் அளவுக்கு ஆடுகிறது. எல்எம்308-இன் வேகமோ மைக்ரோ விநாடிக்கு 0.3 வோல்ட்தான். மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரத்துக்கு 8 வோல்ட் இறங்கவே 25 மைக்ரோ விநாடிக்கு மேல் பிடிக்கும். சதுரமாக இருக்க வேண்டிய அலையின் சுவர்கள் சாய்ந்துபோகின்றன. ராட்டின் அந்தத் தடித்த, உச்சி மழுங்கிய உறுமலில் இந்தச் சோம்பலுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே வேகமான டிஎல்071 வைத்தால் ஒலி கூர்மையாகும். நானே கேட்டிருக்கிறேன். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பழைய ஆம்ப்: அப்படியென்றால் பிற்காலத்து ராட்டில் ஓபி07 ஐசி இருக்கிறதே. அதை எடுத்துவிட்டு எல்எம்308 போடுவது சரிதானே?

ஓபி07-இன் வேகமும் மைக்ரோ விநாடிக்கு 0.3 வோல்ட்தான். அதே சோம்பல் அங்கேயும் உண்டு. அதனால் இந்த மாற்றத்துக்குப் பெரிய தொகை கொடுக்க மாட்டேன்.

நள்ளிரவு ரிஃப்: என் எல்எம்308 ராட்டுக்கும் தம்பியின் ஓபி07 ராட்டுக்கும் வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறது. கணக்கு பொய் சொல்லுமா, காது பொய் சொல்லுமா?

இரண்டும் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது இரண்டு பெடல்களின் வித்தியாசம், இரண்டு ஐசிகளின் வித்தியாசம் இல்லை. பொட்டென்ஷியோமீட்டர்களில் 20 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பது சாதாரணம். நாப் இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றாலும் உள்ளே கெயின் ஒன்றாக இருக்காது. நேர்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே பெடலில் சாக்கெட் போட்டு, நாப்களைத் தொடாமல் ஐசியை மட்டும் மாற்றி, வால்யூமைச் சமன் செய்து கேளுங்கள். அப்போதும் கேட்டால் வந்து சொல்லுங்கள், நான் ஏற்றுக்கொள்வேன். விரலுக்குத் தெரியும் என்று சொன்னீர்களே, அதை மறுக்கவில்லை. வாசிப்பவரும் எந்த ஐசி என்று பார்க்காமல் வாசிக்கட்டும், அவ்வளவுதான்.

மின்னல்: 9 வோல்ட் பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் மாட் செய்யாமலேயே ஒலி திறக்கும் என்கிறார்களே?

பெடலைத் திறந்து பார்க்காமல் கொடுக்காதீர்கள். பல பெடல்களில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் 16 வோல்ட் வரைதான் தாங்கும். சில பெடல்களில் வோல்ட்டேஜை மாற்றித் தருகிற சார்ஜ் பம்ப் ஐசி இருக்கும், அவற்றில் சில 10 வோல்ட்டைச் சற்றுத் தாண்டினாலே செத்துவிடும். என் மேசைக்கு வரும் செத்த பெடல்களில் இந்த வகை ஓயாமல் வருகிறது. டயோடு வெட்டுகிற பெடலில் சப்ளையை உயர்த்தி பெரிய லாபமும் இல்லை, வெட்டுவது டயோடு.

மஞ்சள் நாப்: சார், டிஎஸ்-1 மாட்...

பதில் மேலே இருக்கிறது. முதல் பதில்.

தாளம்: ட்யூப் ஆம்பையே மாட் செய்யலாமா? வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோவில் பார்த்தேன்.

கூடாது. ட்யூப் ஆம்புக்குள் 400 வோல்ட்கூட இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். ஆம்ப் டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

கருப்புப் பெட்டி: என் பெடலை நானே மாட் செய்து பார்க்கலாமா? விற்கும்போது விலை போகுமா?

பலகையில் துளைகள் வழியாகப் பாகங்கள் நிற்கிற பெடல் என்றால் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம், மலிவான பெடலில் தொடங்குங்கள். எள்ளு மாதிரி சிறிய பாகங்கள் பலகை மேலேயே ஒட்டியிருந்தால் முதல் முயற்சிக்கு வேண்டாம், செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். விற்கும் விலையைப் பொறுத்தவரை, பெயர் பெற்ற ஒருவர் செய்த மாட்டுக்கு மதிப்பு நிற்கும். ராபர்ட் கீலி, அனலாக் மேன் போன்றவர்கள் மற்ற கம்பெனிகளின் பெடல்களை மாட் செய்துதான் பெயர் வாங்கினார்கள். அவர்கள் கைபட்ட பெடலைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நீங்களோ நானோ செய்தால், வாங்குகிறவர் அதைத் திறக்கப்பட்ட பெடலாகத்தான் பார்ப்பார். வாரன்டியும் போய்விடும். எடுத்த பாகங்களை ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள். பழையபடி ஆக்கித் தர முடிந்தால் விலை மீளும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெடல் கம்பெனிகளே இந்தத் தேவையைப் பார்த்துவிட்டன. பாஸ் 2014-இல் வாசா கிராஃப்ட் வரிசையைத் தொடங்கியபோது எஸ்டி-1, புளூஸ் டிரைவர் இரண்டிலும் பழைய குரலுக்கும் திருத்திய குரலுக்கும் மாற ஒரு சுவிட்ச் வைத்தே கொடுத்தது. மாட்டுக்குப் பெரிய தொகை கேட்டால் முதலில் இவற்றை வாசித்துப் பாருங்கள்.

ஆறு கம்பி: அண்ணா, விக்கிறவர்கிட்ட நீங்க சொன்ன கேள்வியைக் கேட்டேன். பதில் அனுப்பிட்டார்: ஒரு டயோடுக்குப் பதில் சிவப்பு எல்இடி, ட்ரெபிளைக் குறைக்க ஒரு கெப்பாசிட்டர் மதிப்பு மாற்றம், அதே மதிப்புல ஆறு உயர்தர கெப்பாசிட்டர், ஆன் விளக்குக்கு நீல எல்இடி.

கேட்டதற்கு மகிழ்ச்சி, ஒளிக்காமல் சொன்ன அவரும் நல்ல ஆள். முதல் இரண்டும் உங்கள் காதுக்குக் கேட்கும். அதே மதிப்பில் போட்ட ஆறும் கேட்காது. நீல விளக்கு இருட்டு மேடையில் கண்ணைக் குத்தும். ஆக, இரண்டு பாகங்களுக்கு இன்னும் ஒன்றரைப் பெடல் விலை கேட்கிறார். அது அதிகம். புதிய டிஎஸ்-1 ஒன்று வாங்குங்கள். சால்டரிங் தெரிந்த ஒருவரிடம் அந்த இரண்டு மாற்றத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள். கூடவே ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, பழைய டயோடுக்கும் எல்இடிக்கும் மாற வழி செய்யச் சொல்லுங்கள். இரண்டு குரலும் ஒரே பெட்டியில் இருக்கும், உங்கள் பேண்டோடு வாசிக்கும்போது எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். சுவிட்சை எல்இடி பக்கம் தள்ளியதும் சத்தம் கூடும். அப்போது லெவல் நாபைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேளுங்கள்.