ஒன்றரை ஷிப்ட்டுன்னா எவ்வளவு? திருப்பூர் சம்பள சந்தேகங்களுக்கு பதில்

சம்பள சிலிப் பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன், நிறைய வந்துச்சுங்க. பன்னெண்டு வருஷம் பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்துட்டு இப்ப தொழிலாளர் சங்கத்துல கணக்கு பாக்கறேன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, எங்க கம்பெனில காலைல எட்டரைல இருந்து ராத்திரி எட்டரை தாண்டி வேலை, ஒன்றரை ஷிப்ட்டுன்னு போடறாங்க. இது சரியா?

பதில்: எல்லாரும் ஏமாறற இடமே இதுதான் கண்ணு. எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு 600 ரூபான்னு வெச்சுக்க. சாப்பாட்டு நேரம் போக 12 மணி நேரம் நின்னா ஒன்றரை ஷிப்ட், 900 ரூபா கைக்கு வரும், கேக்கறதுக்கு நியாயமா தெரியும். ஆனா எட்டு மணி நேரத்துக்கு மேல செய்யற வேலை ஓ.டி, அதுக்கு ரெட்டை சம்பளம் தரணும்னு சட்டம். மணிக்கு 75, அப்ப மிச்ச நாலு மணி நேரத்துக்கு 150 வீதம் 600, மொத்தம் 1,200 வரணும். 'ஒன்றரை'ங்கற ஒத்த வார்த்தைல தினம் 300 ரூபா காணாம போகுது. அதனால ஷிப்ட் கணக்குல பேசறத விட்டுட்டு மணிக்கு எவ்வளவுன்னு கேட்டு பழகுங்க, இத நான் எல்லா கூட்டத்துலயும் சொல்லிட்டே இருக்கேன்.

கேள்வி: சிலிப்புல ஓ.டியே இல்ல, அது தனி கவர்ல வருது.

பதில்: கவர்ல வர்றது எந்த ரெஜிஸ்டர்லயும் ஏறாது, ஆடிட்டுக்கு வர்றவங்க பாக்கற புக்ல நீங்க எட்டு மணி நேரத்துக்கு மேல வேலையே செய்யல. ஒரு சின்ன நோட்டு போட்டு உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம், கவர்ல வந்த காசு மூணையும் தினம் எழுதி வைங்க.

கேள்வி: பி.எஃப் பாஸ்புக்ல என் பங்கு 1,440, முதலாளி பங்கு 440 தான் காட்டுது. திருடறாங்களா?

பதில்: இல்லீங்க, பயப்படாதீங்க. பேசிக்கும் பஞ்சப்படியும் சேந்து 12,000ன்னா உங்க 12 சதவீதம் 1,440. முதலாளியும் அதே 12 தான் கட்டறாரு, அதுல 8.33 சதவீதம் பென்ஷனுக்கு போயிரும், பாஸ்புக்ல பக்கத்து கட்டத்துல ஆயிரம் ரூபா இருக்கும் பாருங்க. நீங்க பாக்க வேண்டியது வேற: சிலிப்புல புடிச்ச மாசம் பாஸ்புக்ல வந்திருக்கா? உமாங் ஆப்ல பாக்கலாம். அப்படி வரலைன்னா உடனே பி.எஃப் ஆபீஸ்ல புகார் குடுங்க. ஈ.எஸ்.ஐக்கு உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் தான் புடிக்கலாம், அதுக்கு மேல புடிச்சா கேளுங்க.

கேள்வி: காண்ட்ராக்ட்ல பீஸ் ரேட்டுங்க (தைக்கற பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி), அண்ணன் தம்பி நாலு பேரு. சிலிப் தரமாட்டேங்கறாங்க, சம்பளத்த வெளிய சொன்னா வேலைய விட்டு எடுத்துருவேங்கறாங்க.

பதில்: சம்பளத்த சொல்லக்கூடாதுன்னு எந்த சட்டமும் இல்ல. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புல சம்பள சிலிப் கட்டாயம், காண்ட்ராக்டர் காசு தரலைன்னா கம்பெனி தான் பொறுப்பு. பீஸ் ரேட்டா இருந்தாலும் நாள் கணக்குல பிரிச்சா குறைஞ்சபட்ச கூலிக்கு கீழ போகக்கூடாது. ஆனா ஒத்த ஆளா போய் கேக்காதீங்க, நாலு பேரும் ரேட்ட எழுதிட்டு சங்கத்துக்கு வாங்க, ஒரே லைன்ல ஆம்பளைக்கு ஒரு ரேட்டு பொம்பளைக்கு ஒரு ரேட்டுன்னு நாங்க கண்டுபுடிச்சதெல்லாம் இப்படி பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தப்ப தான்.

கேள்வி: பழைய சிலிப்ப எல்லாம் வெச்சு என்ன பண்றது?

பதில்: தூக்கி போட்றாதீங்க! 2014ல அரசு தையல் தொழிலுக்கு கூலிய உயர்த்துச்சு, முதலாளிங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2016ல தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும்னு சொல்லுச்சு. அந்த பாக்கிய கணக்கு போட உக்காந்தப்ப பாதி பேருகிட்ட ஒரு சிலிப் கூட இல்ல, எனக்கு இன்னைக்கும் அத நெனச்சா வயிறு எரியுது. இப்ப மூணு வருஷத்துக்குள்ள பாக்கி கேக்கலாம், போன்ல போட்டோ எடுத்து வெச்சாலே போதும்.

கேள்வி: நாங்க தைக்கற பிராண்ட எப்படி தெரிஞ்சுக்கறது?

பதில்: லேபிள பாருங்க. நைக்கி 2005ல தன்னோட பேக்டரி பட்டியல வெளிய விட்டுச்சு, அப்புறம் நிறைய பிராண்டுங்க விடறாங்க. 'ஓப்பன் சப்ளை ஹப்'ங்கற வெப்சைட்ல கம்பெனி பேர போட்டா எந்த பிராண்ட் காட்டிருக்குன்னு வரும். அங்க சம்பளம் இருக்காது, அத உங்க நோட்டுல இருந்து தான் எடுக்கணும். ஞாயித்துக்கெழமை சங்க ஆபீஸ்ல இருப்பேன், சிலிப்போட வாங்க.