எச்ஐவி உள்ள பச்சிளம் குழந்தை: மருந்து எதிர்ப்புச் சோதனை முடிவுக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு நான்கு வருடமாக எச்ஐவி. எஃபாவிரன்ஸ் கலந்த கூட்டு மாத்திரை சாப்பிட்டாள், நடுவில் பல மாதம் விட்டுவிட்டாள். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில்தான் அதே மாத்திரையை மறுபடி தொடங்கினாள். தொற்றைத் தடுக்கக் குழந்தைக்கு ஆறு வாரம் நெவிராபின் சிரப் கொடுத்தோம். இப்போது மூன்று மாதம், ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனையில் பாசிட்டிவ். மருந்து எதிர்ப்பு (வைரஸ் மருந்துக்கு அடங்காத நிலை) இருக்கலாம் என்று சொல்லும் மருத்துவரே உடனே மருந்து தொடங்கவும் சொல்கிறார். எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துவிட்டுத் தொடங்குவதுதானே சரி?

பதில்: காத்திருக்காதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால், தாயிடமிருந்து எச்ஐவி பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், நோய் முற்றும்வரை காத்திருக்காமல் முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கிய குழந்தைகளிடம் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. எதிர்ப்புச் சோதனைக்கு வேண்டிய ரத்தத்தை முதல் வேளை மருந்துக்கு முன்பே எடுத்துவிடலாம். பிசிஆரை உறுதிப்படுத்தும் இரண்டாவது மாதிரியையும் அப்போதே எடுப்பார்கள். முடிவுகள் வரும்போது வரட்டும், மருந்து அன்றே தொடங்கட்டும்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. எச்ஐவி தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப்பிழை விடும், அதைச் சரிபார்க்கும் வசதி அதற்கு இல்லை. சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் தினமும் நூறு கோடிக்கணக்கில் புது வைரஸ்கள் உருவாகின்றன. அதனால் ஒரே உடலுக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகளோடு ஒரு பெருங்கூட்டமே இருக்கும். நெவிராபின், எஃபாவிரன்ஸ் இரண்டையும் வெல்ல அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும். கே103என் என்பது அப்படிப்பட்ட ஒன்று. மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடும்போது இந்த மாற்றம் உள்ள வைரஸ்தான் பிழைத்துப் பெருகும்.

குழந்தையிடம் எதிர்ப்பு இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, தாயிடமிருந்தே எதிர்ப்புள்ள வைரஸ் வருவது. பெரும்பாலும் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒன்றிரண்டு வகை மட்டுமே குழந்தைக்குள் போய்ச் சேரும். அது எதிர்ப்புள்ள வகையாக இருந்துவிட்டால், போட்டிக்குச் சாதாரண வைரஸ் இல்லாததால் நீண்ட காலம் அப்படியே தங்கிவிடும். மற்றது, தொற்று ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்குத் தடுப்புக்காகக் கொடுத்த சிரப். ஒற்றை மருந்து வைரஸை முழுதாக அடக்காது, எதிர்ப்புள்ளதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடும். சிரப் கொடுத்தது தவறு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அது எத்தனையோ குழந்தைகளைத் தொற்றிலிருந்தே காப்பாற்றியிருக்கிறது.

சிரப்பால் வந்த எதிர்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து நின்றபின் சாதாரண வைரஸ் மறுபடி தலைதூக்கும், எதிர்ப்புள்ளது சிறுபான்மையாகிவிடும். வழக்கமான சோதனைக்கு மொத்த வைரஸில் சுமார் 20 சதவீதமாவது இருந்தால்தான் அது கண்ணில் படும். அதனால் ‘எதிர்ப்பு இல்லை’ என்று தாளில் வந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது. தங்கை எந்த மாத்திரையை எப்போது தொடங்கினாள், எப்போது விட்டாள், குழந்தைக்கு எத்தனை நாள் சிரப் போனது என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். என் அனுபவத்தில், சில சமயம் அந்தத் தாள் சோதனையைவிட அதிகம் சொல்லும். விட்ட மாதங்களை மறைக்க வேண்டாம் என்று தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவளைக் குறை சொல்ல யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது இந்த வயதுக் குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பது டொலுடெக்ராவிர். நான்கு வார வயதும் மூன்று கிலோ எடையும் தாண்டியவர்களுக்கு, தண்ணீரில் கரையும் சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது. நெவிராபின் தாக்கும் நொதி வேறு, இது தாக்கும் நொதி வேறு. ஆகவே அந்தப் பழைய எதிர்ப்பு இதைத் தொடாது. இதை வெல்வதும் வைரஸுக்குச் சுலபமில்லை. கூடவே பொதுவாக அபாகாவிர், லாமிவுடின் என்ற இரண்டு மருந்துகளும் இருக்கும். தங்கையின் பழைய மாத்திரையிலும் லாமிவுடின் இருந்திருக்கலாம், அதற்கு ஓரளவு எதிர்ப்பு வந்திருந்தாலும் இந்தக் கூட்டு பெரும்பாலும் வேலை செய்யும். தாய் டொலுடெக்ராவிரே சாப்பிட்டு வைரஸ் அடங்காமல் இருந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது எதிர்ப்புச் சோதனைக்கு நான் இன்னும் அழுத்தம் கொடுப்பேன்.

வைரஸின் உட்பிரிவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். உலகத் தொற்றுகளில் சுமார் பாதி ‘சி’ வகை. ஒரே ஒரு முறை நெவிராபின் கொடுத்த பிறகு ‘ஏ’ வகையைவிட ‘சி’ வகையில் எதிர்ப்பு அதிகம் தென்பட்டது உண்மைதான். எச்ஐவியின் இன்னொரு இனமான எச்ஐவி-2 என்றால் நெவிராபின் வேலையே செய்யாது. ஆனால் டொலுடெக்ராவிர் எல்லா வகைகளிலும் வேலை செய்வதால், உட்பிரிவு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அப்புறம், குழந்தை வேகமாக எடை கூடும் வயது இது. போன மாத அளவு இந்த மாதம் போதாமல் போகலாம், அரைகுறை அளவு புது எதிர்ப்புக்கு வழி. ஒவ்வொரு முறையும் எடை பார்த்து அளவை மாற்றச் சொல்லுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தங்கைக்கும் உடனே வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்த்து, அவள் மருந்தையும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.