நுவார் படங்களை டிஸ்க்கில் சேர்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

ஃபிலிம் நுவார் என்று சொல்லப்படும் 1940, 50களின் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களை டிவிடியிலும் புளூ-ரேயிலும் சேர்க்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கோவையிலிருந்து: சார், ஹாலிவுட் நுவார் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்டுப் படங்களில் முதலில் எதை வாங்கலாம்?

'ரிஃபிஃபி' (1955). கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு ஹாலிவுட்டில் வேலை கிடைக்காமல் போன ஜூல்ஸ் டாசின் பாரிஸில் எடுத்த படம். நடுவில் வரும் நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். வசனமும் இல்லை, இசையும் இல்லை. மாடித் தரையில் சின்னதாக ஓட்டை போடுவார்கள், அதன் வழியே மடக்கிய குடையை இறக்கி விரிப்பார்கள். பெயர்ந்து விழுகிற காரைத் துண்டுகளெல்லாம் குடைக்குள்ளேயே விழும், கீழே சத்தம் போகாது. அலாரத்தை அடக்குவது தீயணைப்பான் நுரை. மூச்சும் உளிச் சத்தமும்தான் இந்தக் காட்சிக்கு உயிர் என்பதால், இரைச்சல் நிறைந்த மட்டமான பிரதியில் பார்த்தால் பாதி போய்விடும். நல்ல டிஸ்க்காக வாங்குங்கள்.

அடுத்தது ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் 'ஸ்ட்ரே டாக்' (1949). கூட்டமான பஸ்ஸில் துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் துப்பறிவாளன் டோக்கியோவின் கோடை வெயிலில் அதைத் தேடி அலைவான். நுவார் என்றால் இரவும் மழையும்தான் என்ற எண்ணத்தை இந்தப் படம் மாற்றிவிடும்.

திருச்சியிலிருந்து: அமெரிக்காவிலிருந்து வரவழைத்த புளூ-ரே என் பிளேயரில் ஓடவே இல்லை. டிஸ்க் பழுதா?

பெரும்பாலும் ரீஜன் சிக்கலாகத்தான் இருக்கும், அதாவது ஒரு பகுதி நாடுகளுக்கென்று விற்கும் டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி பூட்டியிருப்பார்கள். புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. சிங்கப்பூர், மலேசியா நண்பர்களுக்கு ஏ என்பதால் அமெரிக்க டிஸ்க்குகள் நேராக ஓடிவிடும். டிவிடிக்கு வேறு கணக்கு: அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, இந்தியா 5. நம் ஊரிலிருந்து உலக நுவார் சேர்ப்பதென்றால் எல்லா ரீஜனையும் படிக்கும் பிளேயர் இல்லாமல் முடியாது, முதல் செலவு அதுதான். கடைக்காரர் 'மல்டி ரீஜன்' என்றதும் சரி என்று பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பல பிளேயர்கள் டிவிடிக்கு மட்டும்தான் மல்டி ரீஜன். புளூ-ரே ஏ, பி, சி மூன்றும் ஓடுமா என்று கேளுங்கள். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தடை கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் புளூ-ரேக்கு இருக்கலாம்.

லண்டனிலிருந்து: அண்ணா, 'தி தேர்ட் மேன்' ஒரு அட்டையில் 104 நிமிடம், இன்னொன்றில் 100, வேறொன்றில் 93 என்று இருக்கிறது. எது முழுப் படம்?

முழுப் படம் 104. 1949-ல் பிரிட்டனில் வந்த பிரதி அதுதான். அமெரிக்க வெளியீட்டுக்காகத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் சுமார் 11 நிமிடத்தை வெட்டி 93 ஆக்கினார். தொடக்கத்தில் வியன்னாவை அறிமுகப்படுத்தும் குரலும் மாறியது. பிரிட்டிஷ் பிரதியில் பேசுவது இயக்குநர் கரோல் ரீட், பெயர் சொல்லாத ஒரு கள்ளச்சந்தை ஆள்போல. அமெரிக்கப் பிரதியில் நாயகன் ஜோசப் காட்டனே பேசுகிறார். எனக்கு ரீட் குரல்தான் பிடிக்கும். அந்த ஊர் யாரையும் கவனிக்காமல் தன் போக்கில் போவதை அது முதல் நிமிடத்திலேயே காட்டிவிடுகிறது.

அந்த 100 நிமிட டிஸ்க்கில் எதுவும் வெட்டப்படவில்லை. ஐரோப்பாவின் பால் (PAL) என்ற டிவி முறையில் வரும் டிவிடியில் நொடிக்கு 24 சட்டகத்துக்கு (ஃபிரேம்) பதில் 25 ஓடும், அதனால் நேரம் 4 சதவீதம் குறையும். ஆனால் குரலும் இசையும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். ஆண்டன் கராஸ் வாசித்த ஸிதர் என்ற தந்தி வாத்திய இசைக்காகவே பார்க்கிற படம் இது, அதனால் புளூ-ரேயாகவே வாங்குங்கள்.

சேலத்திலிருந்து: ஐம்பது நுவார் படம், ஒரே பெட்டி, சொற்ப விலை. வாங்கலாமா?

வேண்டாம். அவை பெரும்பாலும் அமெரிக்காவில் காப்புரிமை காலாவதியான படங்கள். யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால், கையில் கிடைத்த தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள். 'டீட்டூர்' (1945) என்ற 68 நிமிடப் படம் பல காலம் அப்படித்தான் கிடந்தது. 2018-ல் ஆஸ்கர் தரும் அகாடமியின் படக் காப்பகமான அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவ் அதைச் சீரமைத்தது. அதற்கு உதவிய பெல்ஜியப் பிரதியில் பிரெஞ்சு, ஃபிளெமிஷ் சப்டைட்டில்கள் படத்தின் மேலேயே பதிந்திருந்தன, அவற்றை டிஜிட்டல் முறையில் நீக்கினார்கள். பழைய டிஸ்க்கில் சாம்பல் மூட்டமாகத் தெரிந்த இடத்தில் இப்போது முகம் தெரிகிறது, வியர்வை தெரிகிறது. நுவாரில் இருட்டுக்குள்தான் விஷயமே இருக்கிறது. எந்த நெகட்டிவ், எந்த பிரிண்ட், யார் சீரமைத்தது என்று அட்டையிலோ கையேட்டிலோ போட்டிருந்தால் நம்பி வாங்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: பிரான்சும் ஜப்பானும் போதும், யாரும் பேசாத நாடு ஏதாவது சொல்லுங்கள்.

அர்ஜென்டினா. 'எல் வாம்பீரோ நெக்ரோ' (1953), குழந்தைகளைக் கொல்பவனைப் பற்றிய ஃபிரிட்ஸ் லாங்கின் ஜெர்மன் படமான 'எம்' கதையை ஒரு தாயின் பக்கம் திருப்பிச் சொல்கிறது. 'லோஸ் தாயோஸ் அமார்கோஸ்' (1956) அதைவிட மனதை அழுத்தும். இரண்டையும் ஃபிளிக்கர் ஆலி நிறுவனம் டிஸ்க்கில் கொண்டுவந்திருக்கிறது, சீரமைப்பில் ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷனின் கை உண்டு. இவற்றை வாங்குவதற்கு யோசிக்கவே வேண்டாம். சின்ன நிறுவனங்களின் பதிப்புகள் தீர்ந்தால் திரும்ப வருவது நிச்சயமில்லை.

மதுரையிலிருந்து: நம் 'அந்த நாள்' இந்த வரிசையில் வருமா?

தாராளமாக. எஸ். பாலசந்தர் 1954-ல் பாட்டே இல்லாமல் எடுத்த படம். ஒரு கொலை, ஆளுக்கொரு வாக்குமூலம், முகத்தில் பாதி நிழல். என் அலமாரியில் அது 'ஸ்ட்ரே டாக்' பக்கத்தில்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து: இருட்டுக் காட்சிகளில் என் டிவியில் ஒன்றுமே தெரியவில்லை.

'விவிட்' அமைப்பை மாற்றி 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம், அறை விளக்கையும் அணையுங்கள். படம் சதுரமாகத் தெரிகிறது என்று இழுத்து அகலப்படுத்த வேண்டாம். 1950களின் தொடக்கம் வரை இந்தப் படங்களின் அளவே அதுதான், பக்கத்துக் கறுப்புப் பட்டைகள் இருந்துவிட்டுப் போகட்டும்.