இலவச உணவு அலமாரியில் எதை முன்னே வைப்பது?

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்த் தேவாலயம் நடத்தும் ஃபுட் பேன்ட்ரியில், அதாவது இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள்களை இலவசமாகத் தரும் இடத்தில், தொண்டு செய்கிறேன். வருபவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். சிப்ஸும் சோடாவும் இனிப்புச் சீரியலும் உடனே தீர்ந்துவிடுகின்றன. டின் பயறும் பிரவுன் ரைஸும் தேங்கிக் கிடக்கின்றன. அவர்களுக்கு அறிவுரை சொல்லவும் மனம் வரவில்லை. வேறு வழி உண்டா? – ஒரு வாசகி, எடிசன்

பதில்: அறிவுரை சொல்ல மனம் வராதது நல்லதே. இல்லாமையால் வரிசையில் நிற்பவரிடம் உணவைப் பற்றி உபதேசம் செய்தால், அவர் அடுத்த வாரம் வராமல் இருந்துவிடக்கூடும். நீங்கள் மாற்ற வேண்டியது அலமாரியைத்தான்.

எது முதலில் கண்ணில் படுகிறது, எது கைக்கு எட்டுகிறது, எது நிறைய இருப்பதாகத் தெரிகிறது என்பவை நம் எல்லோருடைய தேர்வையும் நாம் அறியாமலே திருப்புகின்றன. எதையும் தடுக்காமல், வைக்கும் முறையை மட்டும் மாற்றித் தேர்வை எளிதாக்கும் இந்த அணுகுமுறையை அமெரிக்க அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008-இல் பரவலாக அறியச் செய்தார்கள். தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நியூயார்க் மாநிலத்தின் ஃபுட் பேன்ட்ரி ஒன்றில் நடந்த ஆய்வில், புரோட்டீன் பார்களை இனிப்பு வரிசையின் தொடக்கத்தில் வைத்தபோதும், அவை வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தபோதும் அவற்றை எடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான பிரையன் வான்சிங்க் ஆய்வு நெறிகளை மீறியதாக கார்னெல் பல்கலைக்கழகம் 2018-இல் அறிவித்தது; அவருடைய வேறு பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே சிறிய பலனை எதிர்பார்த்துச் செய்யுங்கள். செலவில்லாத மாற்றத்துக்குச் சிறிய பலனே போதும்.

கூடை காலியாக இருக்கும் தொடக்கத்திலேயே பயறு, ஓட்ஸ், சர்க்கரை சேர்க்காத பழ டின்கள் ஆகியவற்றைக் கண்மட்டத்தில் நிறைய அடுக்குங்கள். ஒற்றை டின் தனியாக நின்றால், பிறர் ஒதுக்கிய பொருளாகவே அது தோன்றும். சோடாவையும் சிப்ஸையும் கடைசியில், கீழ்த்தட்டில் வையுங்கள். எந்தப் பொருள் எந்த வகை என்பதற்கு, அமெரிக்க உணவு வங்கிகளுக்கென 2020-இல் வெளியான ஊட்டச்சத்து வழிகாட்டுதல் உதவும். நிறைவுறு கொழுப்பு, சோடியம், சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகிய மூன்றின் அளவைப் பார்த்து அது உணவை அடிக்கடி எடுக்கக்கூடியது, எப்போதாவது எடுக்கக்கூடியது, அரிதாக மட்டும் எடுக்கக்கூடியது என்று பிரிக்கிறது. அந்தப் பிரிவை நீங்கள் அடுக்குவதற்குப் பயன்படுத்தினால் போதும் என்பது என் கருத்து. அரிதாக எடுக்க வேண்டியவற்றுக்கு அலமாரியில் சிவப்புக் குறி ஒட்டினால், கெட்டது என்று நாமே சொல்லும் பொருளை ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவதாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. பயறு ஏன் தேங்குகிறது என்று வருபவர்களிடமே கேளுங்கள். மோட்டல் அறையில் தங்கியிருப்பவருக்கு மைக்ரோவேவ் தவிர வேறு அடுப்பு இல்லாமல் இருக்கலாம். இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு, முக்கால் மணி நேரம் வேகும் பிரவுன் ரைஸ் உதவாது. டின் திறப்பான்கூட இல்லாத வீடுகள் உண்டு. இழுத்துத் திறக்கும் மூடியுள்ள டின்களைக் கேட்டு வாங்குங்கள். பயறு, தக்காளி டின், சீக்கிரம் வேகும் அரிசி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, சமைக்கும் முறையை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் நான்கு வரியில் எழுதி வையுங்கள். டின் பயற்றைத் தண்ணீரில் அலசினால் உப்பு கணிசமாகக் குறையும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

கேள்வி: இப்படிச் சொல்லாமல் திருப்புவது ஏழைகளை ஏமாற்றுவதாகாதா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எப்படி அடுக்கினாலும் ஏதோ ஒரு பொருள் முன்னால்தான் நிற்கும், சூப்பர் மார்க்கெட்டில் அந்த இடம் விற்பனைக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. இங்கே அதை உண்பவரின் நலனுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனாலும் உங்கள் கேள்வி தேவையானது. ஏன் இப்படி வைத்தீர்கள் என்று வருபவர் கேட்டால் தயங்காமல் காரணம் சொல்ல முடிய வேண்டும். அவருடைய பிள்ளையின் பிறந்தநாளுக்கு கேக் மாவு வேண்டுமென்றால், அதைத் தேடி அலையவிடாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அது ஏமாற்றுதான்.