முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

கேள்வி: வெந்நீர் ஹீட்டருக்குப் போகும் வயரின் நீளம் போதவில்லை, இடையில் இணைக்க வேண்டியிருக்கிறது. முறுக்கி டேப் சுற்றினால் முப்பது வருடம் தாங்கும் என்கிறார் ஒரு எலக்ட்ரீஷியன். வயர்களை இறுக்கிப் பிடிக்கும் கனெக்டர் இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டாமவர் சொல்வதுதான் சரி. முதலாமவரும் பொய் சொல்லவில்லை. அரை ஆம்பியர்கூட எடுக்காத விளக்கு லைனில் அவர் போட்ட ஜாயிண்ட் முப்பது வருடம் தாங்கியிருக்கலாம். ஹீட்டர் லைனில் ஏறத்தாழ 10 ஆம்பியர் ஓடும். தளர்ந்த ஜாயிண்ட்டின் மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே இடத்தில் 50 வாட் வெப்பம் உண்டாகும். அதாவது, ஒரு சோல்டரிங் அயர்னைச் சுவருக்குள் போட்டு மூடி வைத்ததற்குச் சமம். இதில் மின்னோட்டம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்யும் என்பதால் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழாது, மின்கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் (கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்) விழாது.

முறுக்கிய கம்பிகளை இறுக்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, அவை மெல்லத் தளர்கின்றன. செம்பின் மேற்பரப்பும் கறுக்கிறது. டேப் காப்பு (இன்சுலேஷன்) மட்டுமே தரும், பிடிப்பு தராது. சூட்டில் அதன் பசையும் இளகிவிடும்.

அனுபவசாலிகளும் செய்கிற இன்னொரு தவறு உண்டு. பல இழை வயரின் நுனியில் ஈயம் வைத்து, அதை ஸ்க்ரூ டெர்மினலில் முடுக்குவார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் அழுத்தத்தில் ஈயம் சிறிது சிறிதாக நசுங்கி விலக, ஸ்க்ரூ தானாகவே லூசாகிவிடும். இழைகளைச் சேர்க்க வேண்டுமானால் ‘பின் லக்’ (இழைகளின் நுனியில் மாட்டும் சிறு உலோக முனை) போட்டு, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது.

கனெக்டர் போட்டுவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடாது. வயரின் தடிமனுக்கும் ஆம்பியருக்கும் ஏற்றதாக அது இருக்க வேண்டும். துளைக்குள் நுழையவில்லை என்று நான்கைந்து இழைகளை வெட்டிவிடுபவரை நான் வேலைக்கு வைக்கமாட்டேன். கனெக்டரில் குறித்துள்ள நீளத்துக்கே காப்பை உரிக்க வேண்டும். வெளியே செம்பு தெரியக் கூடாது. முடுக்கியபின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியே இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய வயர் அலுமினியமாக இருந்தால், இரு உலோகங்களுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட கனெக்டரையே பயன்படுத்த வேண்டும். எர்த் வயருக்கும் இதே கவனம் தேவை.

என்னைக் கேட்டால், ஹீட்டர் லைனில் ஜாயிண்டே வேண்டாம்; வயர் போகும் குழாய்க்குள் இழுக்க முடிந்தால் முழு நீள வயரையே புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். இயலாவிட்டால், திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் மட்டுமே இணையுங்கள். பூச்சுக்குள் புதைக்க விடாதீர்கள். வேலை முடிந்தபின் ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, மெயினை அணைத்து, பாக்ஸ் மூடியின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் அவரையே அழைத்து, ஜாயிண்ட்டை மீண்டும் போடச் சொல்லுங்கள்.