கொசுவை வளர்த்து ஊருக்குள் விடுவது ஏன்? – உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் "வோல்பாக்கியா கொசு விடப்போகிறார்களாம்" என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, மின்தூக்கியில் ஏறினால்கூட என்னிடம் இதே விசாரணைதான். ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்த்து ஓய்வுபெற்றவன் நான். கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இருக்கிற கொசு போதாதா அண்ணா? இன்னும் கொண்டுவந்து விடுவார்களா?

கோபம் நியாயம்தான் அக்கா. சில வாரங்களுக்குக் கடி கூடத்தான் செய்யும்; அதை மறைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் வருகிற கொசுவின் உயிரணுக்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இருந்தால் டிங்கிக் காய்ச்சல் கிருமி கொசுவின் உடலில் பெருக முடியாமல் திணறுகிறது. கடிக்கும், ஆனால் நோயைக் கடத்துவது வெகுவாகக் குறையும்.

ஊரில் உள்ள பழைய கொசுக்கள் என்ன ஆகும்?

இந்த இடம்தான் எனக்கு அலுக்காதது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். பிள்ளைகளுக்கும் தாய்வழியாகவே பாக்டீரியா போய்ச் சேரும். ஆக, தலைமுறைக்குத் தலைமுறை புதிய குடும்பம் பெருகும், பழையது தேயும். சிங்கப்பூரில் ஆண் கொசுவை மட்டும் விட்டுக் கொசுவின் எண்ணிக்கையையே குறைக்கிறார்கள். இங்கே ஆண், பெண் இரண்டையும் விட்டு ஊர்க் கொசுக்கூட்டத்தையே மாற்றுகிறார்கள்.

இது மரபணு மாற்றிய கொசுவா ஐயா?

இல்லை தம்பி. 2010இல் பெந்தோங்கில் மரபணு மாற்றியதை விட்டார்களே, அது வேறு. வோல்பாக்கியாவை 1924இலேயே சாதாரண வீட்டுக் கொசுவில் கண்டுபிடித்துவிட்டார்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இயல்பாக இல்லாததால் ஊசிவழி முட்டைக்குள் ஏற்றினார்கள். மனிதருக்கு இது தொற்றாது.

நம் வெயிலுக்குத் தாங்குமா?

நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தியது பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியா வகை. கொசுப்புழு வளரும் தண்ணீர் சூடேறினால் அதன் உடலில் அந்தப் பாக்டீரியா குறைந்துவிடும். அதனால் நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் ஆசியப் புலிக்கொசுவில் இருக்கும் வகையைத் தேர்ந்தார்கள். அது சூட்டைத் தாங்கும். ஷா ஆலாம், கெராமாட் பக்கம் விட்டுப் பார்த்ததில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததென்று 2019இல் வெளியிட்டார்கள்.

வெறும் நாற்பதுதானா?

அதே 2019இல் நாட்டில் டிங்கி கண்டவர்கள் 1,30,101 பேர். இறந்தவர்கள் 182 பேர். அதில் நாற்பது விழுக்காடு என்பது எத்தனை வீடு என்று கணக்குப் போடுங்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பாக்கியா கொசுவை விட்டு நடந்த பெரிய சோதனையில் டிங்கி 77 விழுக்காடு குறைந்தது.

அப்படியானால் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டை இனிக் கழுவ வேண்டாம்தானே?

அங்கேதான் தவறு! தட்டை வெளியே இழுத்து, நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே விரலால் தடவுங்கள். மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கருப்பாக இருந்தால் அது முட்டை. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்; தண்ணீர் பட்டதும் புழுவாகிவிடும். கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

என் மணிபிளாண்ட் பாட்டிலில் வோல்பாக்கியா புழுவே இருந்தாலும் அபராதமா?

500 ரிங்கிட் வரை போடலாம். எந்தக் குடும்பத்துப் புழு என்று அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கமாட்டார்.