தளர்ந்த இடத்தைப் பார்த்துச் செயினை இறுக்கலாமா?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் செயினை எவ்வளவு கவனமாகச் சரிசெய்தாலும், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் விறைப்பாகவும் வேறோரிடத்தில் தொளதொளவென்றும் இருக்கிறது. தளர்ந்த இடத்தைக் கணக்கில் வைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா? எண்ணெய் எப்போது விட வேண்டும்?

பதில்: இறுக்க வேண்டாம். கண்ணிகளை இணைக்கும் பின்களும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு குழல்களான புஷ்களும் ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதால், செயினின் சில பகுதிகள் மட்டும் கூடுதலாக நீண்டுவிடுகின்றன. ஆகவே நியூட்ரலில் பின் சக்கரத்தை மெல்லச் சுற்றி, மிக விறைப்பான இடம் கீழ்ப்பக்க நடுவில் வரும்போது அளந்து, அங்கேதான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். அன்றாடப் பயன்பாட்டு வண்டிகள் பலவற்றில் மேலும் கீழுமான இந்த அசைவு 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம்; உங்கள் வண்டிக்குரிய அளவையும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வண்டிகளில், ஆள் ஏறி அமர்ந்து சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) மேலெழுவதால், செயின் ஓடும் முன், பின் பற்சக்கரங்களான இரு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுகிறது. அப்போது விட்டுக்கொடுக்கத் தொய்வே இல்லாத செயின், கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டின் பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் சேர்த்து இழுக்கும். அளவுக்கு மீறிய தளர்வும் ஆபத்துதான், செயின் கழன்று விழலாம். ஆனால் தேவையற்ற இறுக்கத்தையே நான் அதிகம் அஞ்சுவேன்.

பின் சக்கர அச்சைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டைத் தளர்த்திய பின் இருபக்க அட்ஜஸ்டர்களையும் சம அளவில் திருப்பி, ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இருபுறமும் ஒத்திருப்பதை உறுதிசெய்யுங்கள். நட்டை முறுக்கிய பிறகு மறுபடியும் அளப்பது அவசியம், ஏனெனில் முறுக்கும்போதே தொய்வு மாறிவிடுவதுண்டு. பின்புறம் டிரம் பிரேக் என்றால் பெடல் அசைவையும் சரிபார்க்க வேண்டும்.

எண்ணெயை ஏறக்குறைய 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த பிறகும், ஓட்டி முடித்துச் செயின் வெதுவெதுப்பாக இருக்கையில் அதன் உட்பக்கத்தில் விடுங்கள். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலாலோ கம்பிப் பிரஷ்ஷாலோ சுத்தம் செய்தால், உள்ளிருக்கும் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையங்கள் கெடும். எந்த வேலையானாலும் எஞ்சினை அணைத்துவிட்டே செய்ய வேண்டும். ஓடும் செயினுக்கு அருகில் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புற விளிம்பில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பல்லில் பாதி வெளியே தெரிந்தால், சரிசெய்யும் கட்டம் கடந்துவிட்டது. செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.